இரண்டு பேர் போடும் கணக்கு

என் அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் 31 ஆண்டுகள் டாலி கிளார்க்காக வேலை பார்த்தவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் ஒன்று விடாமல் எண்ணித் தாளில் கோடு போடுவதுதான் அவருடைய தொழில். நான்கு நேர்கோடு, அவற்றின் குறுக்கே ஐந்தாவதாக ஒரு சாய்கோடு. ஓய்வு பெற்ற பிறகு முதன்முறையாகப் பிரிஸ்பேனில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, ஜூலை மாதத்து ஒரு சனிக்கிழமை அவரை மின்ஜெரிபா தீவுக்கு அழைத்துச் சென்றேன். வரைபடங்களில் வடக்கு ஸ்டிராட்புரோக் தீவு என்று இருப்பது அதுதான். கிளீவ்லாந்தில் படகேறி டன்விச்சில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் தீவின் வடகிழக்கு மூலையிலுள்ள பாயிண்ட் லுக்அவுட் என்னும் முனைக்குப் போனோம். அந்த முனைக்கு அருகே, கரையிலிருந்து வெறும் கண்ணுக்கே தெரியும் தொலைவில், தெற்கேயிருந்து வடக்கு நோக்கிக் கூனல் திமிங்கலங்கள் போய்க்கொண்டே இருக்கும்.

அண்டார்க்டிகாவை ஒட்டிய கடலில் கோடை முழுவதும் கிரில் என்னும் இறால் போன்ற சிற்றுயிரைத் தின்று கொழுத்துவிட்டு, குளிர்காலம் தொடங்கும்போது அவை ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரமாகப் பெரும்பவளத்திட்டை ஒட்டிய வெதுவெதுப்பான கடலுக்கு வருகின்றன. ஒரு வழிப் பயணமே ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர். வந்த இடத்தில் இணை சேர்வதும் ஈனுவதும் உண்டு, இரை எடுப்பது மிகவும் குறைவு. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கொண்டே பல மாதங்களை ஓட்டிவிட்டு, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கன்றுகளோடு மீண்டும் தெற்கே திரும்புகின்றன. இந்தத் தீவின் பூர்வகுடிகளான குவாண்டமூக்கா மக்கள் இந்த விலங்கை யாலிங்பிலா என்று அழைக்கிறார்கள். அவர்களுடைய வழக்கில் இந்த முனையின் பெயர் முலும்பா.

மரப்பலகை நடைபாதையில் ஓரிடத்தில் உட்கார்ந்ததும், அப்பா சட்டைப்பையிலிருந்து சிறு நாட்குறிப்பை எடுத்தார். முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு தொலைவில், நீர்ப்பரப்பின் மேல் வெள்ளையாக ஒரு தூண் எழுந்து, ஓரிரு நொடிகள் நின்று, காற்றில் சாய்ந்து கலைந்தது. சற்று நேரத்தில் அதன் பக்கத்தில் சின்னதாக இன்னொன்று. "மூச்சு விடுதும்மா," என்றார் அப்பா. கோடு போடவில்லை. அந்த இரண்டு மூச்சும் ஒரே விலங்கினுடையதா, இரண்டு விலங்குகளுடையதா என்று அவருக்கு உறுதிப்படவில்லை. சில நிமிடங்கள் கழித்துக் கரிய முதுகு வளைந்து, அதன் மேல் சிறு திமில் போன்ற துடுப்பு தெரிந்து மறைந்தது. அதற்கு ஓர் உடல் நீளம் பின்னால் இரண்டாவது முதுகு எழுந்தது. அப்போதுதான் இரண்டு கோடு விழுந்தது.

அந்த முனையில் உட்கார்ந்து திமிங்கலங்களை எண்ணும் வேலை எங்களுக்கு முன்னால் பல பத்தாண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. 1970-களின் இறுதியில் தொடங்கிய அந்தக் கணக்கெடுப்பைப் பின்னாளில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் நோட் தலைமையிலான குழுவினர் முன்னெடுத்தார்கள். வடக்கு நோக்கிய பயணம் உச்சத்தில் இருக்கும் வாரங்களில், நாள் முழுவதும் முறை வைத்து உட்கார்ந்து, கடந்து போகும் ஒவ்வொரு கூட்டத்தையும் பதிவு செய்வார்கள். நில அளவையர்கள் பயன்படுத்தும் தியோடலைட் கருவியால் கோணத்தை அளந்து, முனையின் உயரத்தைக் கொண்டு கணக்கிட்டால், திமிங்கலம் கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் போகிறது என்பது தெரிந்துவிடும். பார்ப்பது எளிது, பார்க்காமல் விட்டது எத்தனை என்று சொல்வதுதான் கடினம். திமிங்கலம் பல நிமிடங்கள் நீருக்கடியிலேயே இருக்கும். வெயில் நீரில் பட்டுக் கூசும். காற்று வலுத்து அலைகளில் நுரை கிளம்பினால் மூச்சுத் தூணுக்கும் நுரைக்கும் வேறுபாடு தெரியாது. இரவில் போகிறவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதற்கு அவர்கள் கையாண்ட வழியைச் சொன்னதும் அப்பாவின் முகம் மலர்ந்தது. ஒருவரையொருவர் கலந்து பேசாத இரண்டு குழுக்களைத் தனித்தனி இடங்களில் உட்கார வைத்து, ஒரே நேரத்தில் எண்ணச் சொல்வார்கள். முதல் குழு 20 கூட்டங்களைக் கண்டது, இரண்டாவது குழுவும் 20 கண்டது, அவற்றில் 16 மட்டும் இரண்டு பட்டியலிலும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு குழுவும் ஐந்தில் நான்கைத்தான் கண்டிருக்கிறது, உண்மையில் போனவை 25 என்று கணக்கு சொல்லும். யாருமே காணாத அந்த ஒன்றையும் இப்படி மதிப்பிட்டுவிடலாம். துறைமுகத்திலும் அதே ஏற்பாடுதான் என்றார் அப்பா. கப்பல் தரப்பில் ஒரு டாலி கிளார்க், கரைத் தரப்பில் ஒருவர். மாலையில் இருவர் தாளையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். "ரெண்டு பேர் கணக்கும் தினமும் அப்படியே ஒத்துப்போச்சுன்னா சந்தேகப்படணும்மா. ஒருத்தன் எண்ணாம இன்னொருத்தன் தாளைப் பார்த்து எழுதியிருப்பான்."

அந்த வாக்கியம் அன்றிலிருந்து என் மனதை விட்டுப் போகவில்லை. ஏனென்றால் இந்தக் கரையோரத்துத் திமிங்கலங்கள் ஏறக்குறைய அழிந்து போனதற்கும் ஒரு பொய்க் கணக்கே பெருங்காரணம்.

பாயிண்ட் லுக்அவுட்டுக்கு வடக்கே அடுத்ததாக இருப்பது மோர்ட்டன் தீவு. அங்கே டாங்கலூமா என்ற இடத்தில் 1952 முதல் 1962 வரை ஒரு திமிங்கலத் தொழிற்சாலை இயங்கியது. தெற்கே பைரன் பேயில் 1954-இல் இன்னொன்று தொடங்கியது. டாங்கலூமாவில் மட்டும் 6,277 கூனல் திமிங்கலங்களை அறுத்தார்கள். சோப்புக்கும் மார்கரினுக்கும் எண்ணெய், வளர்ப்பு விலங்குகளுக்கு இறைச்சி, வயலுக்கு எலும்புத்தூள். இன்று அது விடுமுறை விடுதி. அந்த அறுப்புத் தளம் இன்னும் அங்கே இருக்கிறது. வேட்டையை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: அந்த இரண்டு தொழிற்சாலைகளும் உரிமம் பெற்று, ஒதுக்கீட்டுக்கு உட்பட்டு, பிடித்த ஒவ்வொரு விலங்கையும் பதிவேட்டில் எழுதின. பதிவேட்டின்படி பார்த்தால் கூட்டம் அவ்வளவு வேகமாகச் சரிந்திருக்கக்கூடாது. ஆனால் 1960-களின் தொடக்கத்தில் பிடிபடும் எண்ணிக்கை மளமளவென்று விழுந்து, 1962-இல் பிடிப்பதற்குத் திமிங்கலமே இல்லாமல் இரண்டும் மூடப்பட்டன. தெற்கு அரைக்கோளத்தில் கூனல் திமிங்கல வேட்டையைப் பன்னாட்டுத் திமிங்கல ஆணையம் 1963-இல் தடை செய்தபோது, ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரமாகப் போய்வந்தவற்றில் மிஞ்சியவை சில நூறுதான்.

மிச்சமெல்லாம் எங்கே போயின என்பது ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வெளியே வரவில்லை. சோவியத் ஒன்றியத்தின் மிதக்கும் தொழிற்சாலைக் கப்பல்கள் அண்டார்க்டிகக் கடலில், இதே திமிங்கலங்கள் இரை எடுக்கும் இடத்தில், அனுமதியின்றி அவற்றை வேட்டையாடிக் கொண்டிருந்தன. 1959 முதல் 1961 வரையிலான இரண்டே பருவங்களில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்குத் தெற்கேயுள்ள கடலில் கொல்லப்பட்டவை ஏறத்தாழ 25,000. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் தெற்கு அரைக்கோளம் முழுவதும் தாங்கள் பிடித்த கூனல் திமிங்கலங்கள் 2,710 என்று அந்த நாடு ஆணையத்துக்குத் தெரிவித்திருந்தது. உண்மையில் பிடித்தவை 48,000-க்கும் மேல். 1993-இல், சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு, ரஷ்ய அதிபரின் சுற்றுச்சூழல் ஆலோசகராக இருந்த அலெக்சி யப்லகோவ் இதை அறிவியலாளர்கள் மத்தியில் வெளிப்படையாகச் சொன்னார்.

அவர் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அந்தக் கப்பல்களில் வேலை செய்த உயிரியலாளர்கள் உண்மையான கணக்கையும் எழுதி வைத்திருந்தார்கள் என்பதுதான். மேலிடத்துக்குப் போகும் தாளில் ஓர் எண், தங்களிடம் ஓர் எண். அவர்களில் ஒருவரான திமித்ரி தொர்மோசொவ், அழிக்கச் சொல்லப்பட்ட ஆவணங்களை உருளைக்கிழங்கு சேமிக்கும் நிலவறையில் ஒளித்துக் காப்பாற்றினார். யாரும் கேட்காத, கேட்டால் தண்டனை கிடைக்கக்கூடிய ஒரு கணக்கை ஆண்டுக்கணக்கில் பத்திரப்படுத்துவதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இதை நான் சொன்னபோது அப்பா வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அவங்கதான் கரைத் தரப்பு டாலி," என்றார்.

இந்தக் கூட்டம் எங்கிருந்து மீண்டு எங்கே வந்திருக்கிறது என்பதை அந்த உண்மை எண்களை வைத்துத்தான் பார்க்க முடியும். பாயிண்ட் லுக்அவுட் கணக்கெடுப்புகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 விழுக்காடு வளர்ச்சியைக் காட்டின. ஒரு பெண் திமிங்கலம் ஏறத்தாழ ஓராண்டு சுமந்து ஒரே ஒரு கன்றை ஈனும். பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறைதான். அப்படிப்பட்ட விலங்குக்கு 11 விழுக்காடு என்பது இயற்கை அனுமதிக்கும் மேல்வரம்பை ஒட்டிய வேகம். 2015-இல் எடுத்த கணக்கு 24,545 என்று வந்தது. சில நூறிலிருந்து இந்த எண்ணுக்கு வந்தது, உலகின் எந்த மூலையிலும் நடந்த பாதுகாப்பு முயற்சிகளில் மிகப் பெரிய வெற்றிகளுள் ஒன்று என்று தயக்கமின்றிச் சொல்வேன். வேட்டையை நிறுத்தியதும், நிறுத்திய பிறகு அதைக் காத்ததும்தான் செய்யப்பட்ட வேலை. மீதியைத் திமிங்கலங்களே பார்த்துக்கொண்டன.

எண்ணிக்கை மட்டும் பெருகவில்லை, வாழும் முறையும் அதோடு மாறியது. ஆண் கூனல் திமிங்கலங்கள் பாடும். ஒரு கரையோரத்திலுள்ள ஆண்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே பாட்டைப் பாடும். பாட்டு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மாறும். நோட்டும் அவருடைய குழுவினரும் பிரிஸ்பேனுக்கு வடக்கேயுள்ள பெரீஜியன் கடற்கரையருகே நீருக்கடியில் ஒலிவாங்கிகளை வைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, 1996-இல் 82 பாடகர்களில் இரண்டே இரண்டு மட்டும் முற்றிலும் வேறான ஒரு பாட்டைப் பாடின. அது இந்தியப் பெருங்கடல் பக்கம், ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைத் திமிங்கலங்களின் பாட்டு. அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய எல்லாம் அதற்கு மாறிவிட்டன. 1998-இல் பழைய பாட்டு கேட்கவே இல்லை. எல்லைக்கு அப்பாலிருந்து வந்த ஓரிரு பாடகர்கள் ஒரு கரையோரத்தின் பாட்டையே மாற்றிவிட்டார்கள் என்றால், அந்த விலங்குகள் ஒன்றையொன்று எவ்வளவு கூர்ந்து கேட்கின்றன! பின்னர் எல்லன் கார்லண்ட் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும், இப்படிப்பட்ட பாட்டுகள் கிழக்கு ஆஸ்திரேலியாவில் தொடங்கி, பசிபிக் தீவுகள் வழியாகக் கிழக்கே பிரெஞ்சு பாலினீசியா வரை ஆண்டுக்காண்டு பரவிச் செல்வதைக் காட்டினார்கள்.

எனக்கு இதைவிட வியப்பளித்தது 2023-இல் ரெபெக்கா டன்லப், செலின் ஃப்ரேர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு. 1997-இல், பாடாத ஆணைவிடப் பாடும் ஆணே ஒரு பெண்ணை நாடிச் சேர முயலும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. 2015-இல் நிலை தலைகீழாகி, பாடாத ஆணுக்கே ஏறத்தாழ ஐந்து மடங்கு வாய்ப்பு. கடலில் சில நூறு, சில ஆயிரம் விலங்குகள் மட்டும் சிதறிக் கிடந்தபோது, துணையைக் கண்டுபிடிக்கப் பாட்டு உதவியது. கூட்டம் பெருகிய பிறகு, பாடினால் போட்டியாளனுக்குத்தான் இடம் தெரிந்துவிடுகிறது; வாயை மூடிக்கொண்டு மற்ற ஆண்களோடு மோதித் துரத்துவதே பலன் தருகிறது. மனிதர் செய்த அழிவு தணிந்ததும் ஒரு விலங்கின் காதல் முறையே மாறியிருக்கிறது. பல பத்தாண்டுகள் விடாமல் ஒரே இடத்தில் கேட்டுக்கொண்டும் எண்ணிக்கொண்டும் இருந்ததால்தான் இது தெரிந்தது. ஒரு பருவம் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர் யாருக்கும் இது தெரிந்திருக்காது.

எண்ணுவதற்கு இன்னொரு வழியும் உண்டு. ஆழத்துக்குப் பாயும்போது திமிங்கலம் வாலை முழுவதும் தூக்கிக் காட்டும். அந்த வாலின் அடிப்புறத்தில் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும் திட்டுகள் ஒன்றுக்கொன்று ஒத்திருப்பதில்லை. நம் கைரேகை போல. ஓரங்களில் வெட்டுகளும், உடலில் ஒட்டிக்கொள்ளும் பர்னக்கிள் என்னும் சிற்றுயிர்கள் விட்ட வட்ட வடுக்களும் சேர்ந்து அடையாளத்தை உறுதி செய்யும். இந்தத் தீவுக்கு வடக்கேயுள்ள ஹெர்வி வளைகுடாவில், தெற்கே திரும்பும் தாய்களும் கன்றுகளும் சில நாட்கள் தங்கி இளைப்பாறுகின்றன; அங்கே பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்த வால் படங்களால், இந்தத் தாய் இத்தனையாவது கன்றோடு வந்திருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு வரலாறு சேர்ந்திருக்கிறது. இப்போது ஹாப்பிவேல் என்ற பொதுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் தாங்கள் எடுத்த வால் படத்தை ஏற்றலாம். கணினி அதை உலகெங்கும் சேர்ந்த படங்களோடு ஒப்பிட்டு, முன்பு எங்கே, எப்போது காணப்பட்டது என்று கண்டுபிடித்துத் தரும். நான் படகில் போய் எடுத்த ஒரு மங்கலான படத்தை ஏற்றிப் பார்த்தேன். பொருத்தம் எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த முறை கேமராவை நிலையாகப் பிடிக்கக் கற்றுக்கொண்டு போக வேண்டும் என்று இருக்கிறேன்.

2022 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய அரசு கூனல் திமிங்கலத்தை அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிரினங்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. சட்டப் பாதுகாப்பு நீங்கவில்லை. இன்றும் கொல்வதும் துன்புறுத்துவதும் குற்றம், படகுகள் 100 மீட்டருக்குள் நெருங்கக்கூடாது. ஆனாலும் பட்டியலிலிருந்து பெயர் போனால் கவனமும் பணமும் போய்விடும் என்ற அச்சம் எனக்கு உண்டு. கூட்டம் பெருகப் பெருகக் கரையோரத்தில் மனிதரோடு மோதும் வாய்ப்பும் பெருகுகிறது. கப்பல்கள் மோதுகின்றன. நண்டுக் கூண்டுகளின் கயிறுகளில் வாலும் துடுப்பும் சிக்குகின்றன. குளிப்பவர்களைச் சுறாக்களிடமிருந்து காக்க என்று போடப்படும் வலைகளை நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் குளிர்காலத்தில் எடுத்துவிடுகிறது; குயின்ஸ்லாந்தில் திமிங்கலங்கள் போகும் மாதங்களிலும் வலைகள் கடலில் கிடக்கின்றன, ஆண்டு தவறாமல் சிக்குகின்றன. இதை நான் ஏற்கவில்லை. பயணக் காலம் எது என்பது மாதக் கணக்கில் துல்லியமாகத் தெரிந்திருக்கும்போது, அந்த மாதங்களில் மட்டுமாவது வலையை எடுத்து வைப்பதற்குத் தடையாக இருப்பது அறியாமை அல்ல.

சிக்கிய திமிங்கலத்தை விடுவிப்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. நீரில் இறங்கக்கூடாது என்பது முதல் விதி. முப்பது டன் எடையுள்ள விலங்கு வலியில் ஒரு முறை வாலை வீசினால் போதும். பயிற்சி பெற்ற குழுவினர் சிறு ரப்பர் படகில் பின்தொடர்ந்து, சிக்கிய கயிற்றில் கொக்கியை மாட்டி, அதோடு பெரிய மிதவைகளைக் கட்டிவிடுவார்கள். மிதவைகளை இழுத்துக்கொண்டு நீந்தும் திமிங்கலம் களைத்து, ஆழத்துக்குப் பாய முடியாமல் மேற்பரப்பிலேயே நிற்கும். அப்போது நீண்ட கழியின் நுனியில் பொருத்திய வளைந்த கத்தியால், எந்தக் கயிற்றை வெட்டினால் மற்றவை தானே அவிழும் என்று பார்த்து வெட்டுவார்கள். மிதவை கட்டிக் களைக்க வைக்கும் இந்த உத்தி பழைய வேட்டைக்காரர்களிடமிருந்து வந்தது. அன்று ஈட்டியோடு பீப்பாய்களைக் கட்டி விட்டார்கள்.

வலைகளையாவது எடுத்துவிடலாம். அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள கடற்பனி குறைந்து வருவதற்கு அப்படி ஒரு கை வைத்தியம் கிடையாது. கிரில் குஞ்சுகள் குளிர்காலத்தில் பனிக்கு அடியில் வளரும் பாசியை நம்பியிருக்கின்றன. பனி சுருங்கினால் கிரில் சுருங்கும். கிரில் சுருங்கினால், பல மாதப் பட்டினிக்கு வேண்டிய கொழுப்பு சேராமல் தாய் புறப்பட்டு வரும். 2012-க்கும் 2021-க்கும் இடையே வடக்குப் பசிபிக்கின் கூனல் திமிங்கலங்கள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்ததை வால் படங்களைக் கொண்டே கண்டுபிடித்தார்கள். அங்கே கடல் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறிய ஆண்டுகள் அவை. அங்கும் அதற்கு முன்புவரை எல்லோரும் மீட்சியைக் கொண்டாடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

மதியம் தாண்டியதும் அப்பா கேட்டார்: "நம்ம பக்கம் இது வருமாம்மா?" தூத்துக்குடிக்காரருக்குத் திமிங்கலம் புதிதல்ல. 2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கரை ஒதுங்கியதும், மீனவர்கள் வள்ளத்தில் கட்டிக் கடலுக்குள் இழுத்துவிட்டதும், அவற்றில் பல மறுபடி கரைக்கே வந்து செத்ததும் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதே கரையில் 1973-இல் 147 ஒதுங்கியதைத் தம் இளவயதில் கேள்விப்பட்டதாகவும் சொன்னார். கூனல் திமிங்கலம் அரபிக்கடலில் இருக்கிறது என்றேன். எங்கும் பயணம் போகாமல் ஆண்டு முழுவதும் அங்கேயே வாழும் ஒரே கூட்டம் அது. ஓமான் கரையில் அறியப்பட்டவை நூற்றுக்கும் குறைவு. கேரளத்தின் விழிஞ்ஞம் அருகே கடலடியில் வைத்த ஒலிவாங்கியில் அவற்றின் பாட்டு பதிவாகியிருக்கிறது. 1960-களின் நடுவில் சோவியத் கப்பல்கள் அந்தச் சிறு கூட்டத்திலும் 242 திமிங்கலங்களைக் கொன்றன. அதுவும் அன்றைய கணக்கில் எழுதப்படவில்லை. "அதையும் மறைச்சாங்களா," என்று மட்டும் கேட்டுவிட்டு, மறுபடி கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசிப் பேருந்துக்குப் புறப்படும் முன் எங்கள் இரண்டு கணக்கையும் ஒப்பிட்டோம். காலையிலேயே அவர் சொல்லியிருந்தபடி, நான் கைபேசியில் தனியாக, அவரிடம் காட்டாமல் குறித்து வந்திருந்தேன். என்னிடம் 34; அவரிடம் 37. நேரத்தை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்ததில், நான் தண்ணீர் வாங்கப் போயிருந்த நேரத்தில் மட்டும் நான்கு போயிருந்தன. அவர் காணாத ஒன்றை நான் கண்டிருந்தேன். அந்த ஒன்றை அவர் தம் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. நாட்குறிப்பின் அடியில் தனியாக ஒரு கோடு கிழித்து, சரக்குத் தாளில் இரு தரப்புக்கும் ஒத்துவராத மூட்டைகளை எழுதுவது போலவே, "தகராறு 1" என்று எழுதி, பக்கத்தில் நேரத்தையும் குறித்து, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.